417-ம் நம்பரில் இரண்டு மூட்டை

இப்போதெல்லாம் மழை பெய்கிறதா என்று பார்க்க யாரும் வாசலுக்குப் போவதில்லை. டி.வி.யைப் போடுகிறார்கள். தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தாலும், பெட்டிக்குள் இருக்கிற பெண் 'வறண்ட வானிலை' என்று சொல்லிவிட்டால் துடைத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எதிரே நிற்கிற மனுஷனின் முகத்தைப் பார்த்து இவன் பொய் சொல்கிறானா, மெய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்கிற ஆள் ஊருக்கு ஒருவர் மிஞ்சியிருந்தால் அதிகம்.

ஆண்டிச்சாமி அந்த ஒருவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். முப்பத்தோரு வருஷம் போலீஸில் இருந்து, ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் ஓய்வில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஏதாவது தொலைந்தால், யாராவது வம்பில் மாட்டினால், ஜனங்கள் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் 'ஏட்டையா' வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அன்று காலை தட்டியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதி வஞ்சுளவல்லி அம்மாள்.

"எம் பொண்ணு மரகதவல்லிய ஃபாக்டரிலயே பிடிச்சு உக்கார வச்சுட்டா, ஏட்டையா. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து ஜீப்புல ஏத்திடுவாராம்."

அதனால்தான் அவர் மூன்று மணி வெயிலில், ராஜபாளையத்தை ஒட்டிய அந்த பேண்டேஜ் ஃபாக்டரியின் தறிச் சத்தத்துக்குள் நடந்துகொண்டிருந்தார். பின்னால் ஐயாதுரை. டவுன் பஸ் கண்டக்டர். செக்கிங் அதிகாரியிடம் எதிர்த்துப் பேசியதில் சஸ்பெண்ட் ஆகி ஐந்து மாசம் ஆகிறது. ஆள்தான் சஸ்பெண்டில் இருந்தார். வாய் டூட்டியில் இருந்தது.

"ஏட்டையா, செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன். கால் கழண்டு போச்சு" என்று சொல்லிவிட்டு, சுவர் மூலையில் கிடந்த ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"எந்திரியும் ஐயா" என்றார் முன்னால் நடந்த மேனேஜர் பொன்னுராஜ். நல்ல உயரம், சட்டைப் பையில் இரண்டு பேனா. "அது தள்ளுபடி மூட்டை. சுத்தமாகாத சரக்கு."

"அப்படின்னா எனக்கு ஏத்த சீட்டுதான்."

ஆண்டிச்சாமி குனிந்து பார்த்தார். தள்ளுபடி மூலையில் எட்டு மூட்டைகள். ஐயாதுரை உட்கார்ந்ததோடு சேர்த்து நான்கை வெள்ளை நூலாலும், மற்ற நான்கைச் சிவப்பு நூலாலும் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம், லாரி ஏறத் தயாராக இருந்த மூட்டைகளில் பாதிக்கு வெள்ளை நூல், பாதிக்குச் சிவப்பு.

"நூல் எதுக்கு ரெண்டு நிறம்?"

"அது லேபர் பழக்கம். ஒண்ணுமில்ல. வாங்க."

போலீஸ் உத்தியோகத்தில் 'ஒண்ணுமில்ல' என்று யார் சொன்னாலும் ஆண்டிச்சாமி அதை மனசில் முடிந்துவைத்துக்கொள்வார். இதையும் முடிந்துகொண்டார்.

கம்ப்யூட்டர் அறை என்பது நடு ஹாலில் நின்ற கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஏ.ஸி. குளிர். ஒரே கதவு. உள்ளிருந்து பார்த்தால் வெளியே எல்லாரும் தெரிவார்கள். யார் பேசுவதும் கேட்காது. வெளியே இருப்பவர்களுக்கும் அப்படித்தான். முக்காலியில் மரகதவல்லி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். காலையிலிருந்து அதே முக்காலிதான் என்று அவள் முதுகு சொன்னது. கம்ப்யூட்டர் முன்னால் சக்ரபாணி, கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு அவர். அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.

பொன்னுராஜ் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். இங்கே நெய்த பேண்டேஜ் துணியை மூட்டையாகக் கட்டி, நீராவி மிஷினில் வேகவைத்துக் கிருமி போக்குகிறார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு நாடா வைப்பார்கள். நீராவி சரியாக ஏறியிருந்தால் நாடா கறுக்கும். அதைப் பார்த்து 'பாஸ்', 'தள்ளுபடி' என்று பதிகிற வேலை மரகதவல்லிக்கு. 417-ம் நம்பர் மூட்டை ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆறு பேருக்கு ஆபரேஷன் புண் சீழ் வைத்துவிட்டது. ஒருவருக்குக் காலையே எடுக்கவேண்டி வரலாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே நாடா வெள்ளையாகவே இருந்தது.

"இந்தம்மா பாஸ் போட்டிருக்காங்க. பாருங்க." திரையைக் காட்டினார்.

ஆண்டிச்சாமிக்கு இங்கிலீஷ் வராது. எண்கள் வரும். 417 என்று ஒரு வரி. அதன் கீழே இன்னொரு 417.

"ரெண்டு வரியும் என்ன சொல்லுது?"

"பாஸ், மரகதவல்லி, காலைல ஒன்பது நாப்பது. ரெண்டும் அதான்."

"நான் தள்ளிட்டேன், ஏட்டையா" என்றாள் மரகதவல்லி. குரலில் அழுகை இல்லை; அழுது முடித்த குரல். "நாடா கறுக்கவே இல்ல. தள்ளுபடின்னு நானே பதிஞ்சேன். காலைலேந்து நூறு தடவ சொல்லிட்டேன். எல்லாரும் என்னப் பாக்காம அந்தப் பொட்டியப் பாக்கறா."

"பெட்டி பொய் சொல்லாது" என்றார் பொன்னுராஜ். "இது சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதி, கம்பைல் பண்ணி, சீல் வச்ச மாதிரி கொடுத்த புரோகிராம். எழுதின ஆளுக மதுரைல. தை மாசத்துக்குப் பொறவு அதுல ஒரு எழுத்துக்கூட மாறல. தேதி இருக்கு. எனக்கு இந்தப் பெட்டிய ஆன் பண்ணக்கூடத் தெரியாது, ஏட்டையா. நான் என்னத்த மாத்தப்போறேன்?"

"பிரிச்ச மூட்டையோட துணி எங்க இருக்கு?"

மேசையில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கறை படிந்த மேலுறை, அதைக் கட்டியிருந்த சிவப்பு நூல்.

"நீங்க பேசிட்டிருங்க. நான் இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வாரேன்" என்று பொன்னுராஜ் வெளியே போனார். கதவு மூடுவதற்குள் காவலாளியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

"என்ன சொல்லுதாரு அவுரு?" என்றார் ஐயாதுரை. "காப்பி சொல்லிட்டுப் போறாரோ?"

"தாளம் வேயின்னாரு" என்றார் ஆண்டிச்சாமி.

"பாட்டுக் கச்சேரியா?"

"பூட்டச் சொல்லிட்டுப் போறாரு."

ஐயாதுரை எழுந்து போய்க் கதவை இழுத்தார். அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே காவலாளி முதுகைக் காட்டி நின்றான். தட்டினார். முதுகு திரும்பவில்லை. மேசை டெலிபோனை எடுத்தார். டயலில் சுண்டுவிரல் அளவு பூட்டு.

"ஏட்டையா, தெரிஞ்சுமா சும்மா இருந்தீரு?"

"வெளிய நின்னா எனக்கு என்ன தெரியப்போவுது? வேண்டியது எல்லாம் இந்தக் கூண்டுக்குள்ளதான் இருக்கு." ஆண்டிச்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு மரகதவல்லி எதிரே உட்கார்ந்தார். "சொல்லும்மா. சிவப்பு நூல், வெள்ளை நூல்."

"பழைய மிஷின்ல வெந்தா சிவப்பு. புது மிஷின்ல வெந்தா வெள்ளை. ரெண்டு மிஷினுக்கும் சித்திரை ஒண்ணாந்தேதி ஒண்ணுலேந்து நம்பர் ஆரம்பிப்போம். ஆதியிலேந்து இங்க அப்படித்தான். அதனால எல்லா நம்பர்லயும் ரெண்டு மூட்டை உண்டு. நூலப் பாத்துதான் பிரிச்சுப்போம்."

"417-லயும் ரெண்டு."

"ஆமா. புது மிஷின்ல வந்தத ஒன்பது நாப்பதுக்குப் பாத்தேன். பாஸ். பழைய மிஷின்ல வந்தத பதினோரு மணிக்கு மேல பாத்தேன். அது தள்ளுபடி."

"தள்ளுபடி மூட்டைமேல குறி ஏதும் போடமாட்டீயளா?"

"முன்னெல்லாம் சாக்பீஸால பெருக்கல் குறி போடுவேன். கம்ப்யூட்டர்தான் இருக்கே, சாக்பீஸ் எதுக்குன்னு மேனேஜர் நிறுத்திட்டார். அனுப்பற ஆள் திரையப் பாத்துதான் மூட்டைய நகத்துவார்."

ஆண்டிச்சாமி திரையைப் பார்த்தார். ஒரே ஆள், ஒரே நிமிஷத்தில், இரண்டு மூட்டையைப் பிரித்து நாடா பார்க்க முடியாது. அதைச் சொல்ல இங்கிலீஷ் வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

தறிச் சத்தம் நின்று, ஊரே செவிடானதுபோல் ஆனது. ஏ.ஸி. பெருமூச்சு விட்டு அடங்கியது. மேசைக்குக் கீழே ஒரு பெட்டி 'கீக்' என்றது. செத்த நேரம் கழித்து மறுபடி 'கீக்'.

"யு.பி.எஸ்." என்றார் சக்ரபாணி. அதுதான் அவர் வாய் திறந்த முதல் தடவை. "இருபது நிமிஷம் தாங்கும். அப்புறம் எல்லாம் அணைஞ்சுடும். ஜெனரேட்டர் தறிக்கு மட்டுந்தான், இந்த ரூமுக்கு இல்ல."

வெளியே ஜெனரேட்டர் உறுமி, தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. கூண்டுக்குள் காற்று இல்லை. கண்ணாடி வழியாக வெயில் மட்டும் வந்தது.

"பஸ்ஸுல ஜன்னலாவது இருக்கும்" என்றார் ஐயாதுரை, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.

ஆண்டிச்சாமி சக்ரபாணி பக்கம் திரும்பினார். "தம்பி, எனக்குப் படிப்பு கெடையாது. எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லும். இந்தம்மா பதிஞ்சது எங்க போய் இருக்குது?"

"ஒரு டேபிள்ல சார். பெரிய நோட்டு மாதிரி."

"அந்த நோட்டுதான் இப்பத் தெரியுதா?"

சக்ரபாணி தயங்கினார். "இல்ல. புரோகிராம் நோட்ட நேராப் பாக்காது. நடுவுல வியூன்னு ஒண்ணு இருக்கு. ஜன்னல் மாதிரி. நோட்டுல எவ்வளவோ இருக்கும். ஜன்னல்ல தெரியறத மட்டும் புரோகிராம் எடுத்துக்கும்."

"ஜன்னலை எவனாவது திருப்பி வச்சா?"

"தெரியறது மாறும்."

"சீல் வச்ச புரோகிராம்?"

"அது மாறாது. அதுக்கு எதுவும் தெரியாது."

'கீக்' என்றது யு.பி.எஸ்.

"அப்போ தை மாசத்துல இருந்து மாறலங்குற பேச்சு வீண் பேச்சு" என்றார் ஆண்டிச்சாமி. "சரி, ஜன்னல் வழியாத் தெரிஞ்ச ரெண்டு மூட்டை எப்படி ஒரே மாதிரி ஆச்சு?"

சக்ரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வியர்வைதான். ஆனாலும் துடைத்த நேரம் அதிகம். "ஒவ்வொரு வரி வர்றப்பவும் புரோகிராம் அதுக்கு ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்கும். வரிய எடுத்து ஒரு ஆளா நிறுத்தற மாதிரி வச்சுக்கோங்கோ. அந்த ஆளுக்கு ஒரு அடையாளம் வேணும். ஜன்னல்ல முதல் கட்டத்துல என்ன தெரியறதோ அதுதான் அடையாளம்னு எழுதிட்டா. அதே அடையாளத்தோட இன்னொரு வரி வந்தா, இந்த ஆள்தான் ஏற்கெனவே நிக்கறானேன்னு, புதுசா வந்தத படிக்காம, பழைய ஆளையே மறுபடி காட்டும்."

"ரெட்டப் புள்ளைங்க ஒரே பாஸ்ல ஏறுற கத" என்றார் ஐயாதுரை. "நம்மூர்ல ரெண்டு பயலுக இருந்தானுவ, ஏட்டையா. மொத பய பாஸக் காட்டுவான். ரெண்டாவது பய வந்தா, நீதான் காட்டிட்டியேலே, உள்ள போன்னு நானே தள்ளிவிடுவேன். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் ஒண்ணா இறங்குனப்பத்தான் எனக்கு மயக்கமே வந்துச்சு."

ஆண்டிச்சாமி தலையை மெதுவாக ஆட்டினார். முதலில் வந்தது பாஸ் என்றால், பின்னால் வந்ததும் பாஸ். அப்படியானால் முதலில் வந்தது தள்ளுபடி என்றால்?

"மரகதவல்லி, தள்ளுபடி மூலைல நாலு வெள்ளை நூல் மூட்டை கிடக்குதே. அத நீ தள்ளுனியா?"

அவள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "இல்லையே. அதெல்லாம் நல்ல மூட்டை. பாஸ் போட்டேனே. யார் கொண்டுபோய் அங்க போட்டா?"

"இந்த ஜன்னல்தான். சிவப்பு மொதல்ல வந்து தள்ளுபடி ஆயிருந்தா, நல்ல வெள்ளையும் தள்ளுபடி. வெள்ளை மொதல்ல பாஸ் ஆயிருந்தா, கெட்ட சிவப்பும் பாஸ். கெட்டது ஆஸ்பத்திரிக்குப் போவுது. நல்லதுமேல இவரு உக்காருதாரு."

"நான் நல்லதுமேலதான் உக்காந்தேனா? மொதத் தடவையா இருக்கும்."

"தம்பி, நோட்ட நேராக் காட்ட முடியுமா, ஜன்னல் இல்லாம?"

சக்ரபாணியின் விரல்கள் நகரவில்லை. ஆண்டிச்சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் எத்தனையோ பேர் ஸ்டேஷன் பெஞ்சில் தானாகவே பேசியிருக்கிறார்கள். சக்ரபாணி தட்டினார்.

திரையில் இரண்டு வரி வந்தது. இரண்டும் வேறு வேறு. புது மிஷின், 417, ஒன்பது நாற்பது, பாஸ். பழைய மிஷின், 417, பதினொன்று ஐந்து, தள்ளுபடி.

மரகதவல்லி எழுந்து நின்றாள். காலையிலிருந்து முதல் தடவை. திரையைத் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அச்சடியும்" என்றார் ஆண்டிச்சாமி. "இது மட்டுமில்ல. ஜன்னல் என்னைக்கு மாறிச்சுன்னு இருக்குமே, அதையும். அதுக்குப் பொறவு இதே மாதிரி எத்தன மூட்டை பாஸ் வேஷம் போட்டுப் போயிருக்குன்னும் வேணும்."

பிரிண்டர் கர், கர் என்று இழுத்தது. யு.பி.எஸ். இப்போது மூச்சுவிடாமல் கத்தியது. கடைசி வரி வந்து, காகிதம் பாதி வெளியே தொங்கும்போது திரை இருண்டது. எல்லாம் அடங்கியது. ஐயாதுரை காகிதத்தைப் பிடித்து, டிக்கெட் கிழிக்கிற லாகவத்தில் கிழித்தார்.

"இன்னும் மூணு மூட்டை போயிருக்கு" என்றாள் மரகதவல்லி படித்துவிட்டு. "மூணும் சிவப்பு. மூணு ஊர் ஆஸ்பத்திரி."

"ஜன்னல் மாறின தேதி?"

அவள் தேதியைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். "ஆடிப்பூரம். காலைல பத்து பத்தொன்பது. அன்னிக்கு எங்க ஊர்க்காரா எல்லாருக்கும் லீவு. தேரோட்டம்."

"சார், நான் அன்னிக்கு இங்க இல்ல" என்றார் சக்ரபாணி. வேகமாகச் சொன்னார். "கோயில்ல பாசுரம் சொல்ற கோஷ்டில நின்னேன். பாஸ்வேர்ட எழுதிக் கவர்ல போட்டு மேனேஜர்ட்ட கொடுத்துட்டுத்தான் போனேன். லீவு போட்டா சாவியோட அதையும் கொடுக்கணும். இங்க வழக்கம் அது. பழைய மிஷினுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கல சார். ரெண்டு நாள்ல செக்கிங் வர இருந்தா. திரைல மிஷின் பேர் தெரியக் கூடாதுன்னு மேனேஜருக்கு அவசரம். முன்னால அடையாளத்துல மிஷின் எழுத்தும் நம்பரும் சேர்ந்து இருந்தது. மிஷின் எழுத்த எடுத்துட்டா வெறும் நம்பர்தான் நிக்கும்."

"முடிஞ்சுது கத" என்றார் ஐயாதுரை. "மேனேஜர் மாட்டுனாரு. ரைட், போலாம்."

ஆண்டிச்சாமி போகவில்லை. போகவும் முடியாது, பூட்டியிருந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. பிரிண்டர் பக்கத்தில் செங்கல் கனத்தில் சக்ரபாணியின் இங்கிலீஷ் புத்தகம், கம்ப்யூட்டர் கைப்புத்தகம், கிடந்தது. எடுத்து விசிறிக்கொண்டார். நாலு விசிறலில் நடுப் பக்கத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் பறந்து அவர் மடியில் விழுந்தது.

எஸ்.டி.டி. பூத் சீட்டு. தலைப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் என்று தமிழில் ஒரு முத்திரை, மற்றதெல்லாம் எண்கள். எண்கள் அவருக்கு வரும்.

தேதியைப் படித்தார். பிரிண்டர் காகிதத்திலிருந்த தேதியோடு வைத்துப் பார்த்தார். நேரத்தைப் படித்தார். பிறகு கூப்பிட்ட நம்பரைப் படித்துவிட்டு, மேசை டெலிபோனில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். டயலைப் பூட்டியவர்கள் நம்பரை மறைக்கவில்லை.

"தம்பி" என்றார். "கோஷ்டில நின்னேன்னீரு. பத்து பதினாலுக்கு மடவார் வளாகத்து பூத்துல நின்னு இந்த ரூமுக்கு ஆறு நிமிஷம் பேசியிருக்கீரு. பத்து பத்தொன்பதுக்கு இங்க ஜன்னல் மாறிச்சு. நீரு போன வைக்கிறதுக்கு முன்னாலயே."

மரகதவல்லி சக்ரபாணியைப் பார்த்தாள். ஒரே தெரு. ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்து போகிறவர்கள்.

"நீங்க சொல்லச் சொல்ல அவர் அடிச்சாரா?" என்று கேட்டாள்.

சக்ரபாணியின் தலை குனிந்தது. "மிஷின் பேர் மட்டும் தெரியாமப் போகும்னுதான் நெனச்சேன். அடையாளமே போயிடும்னு அப்ப தோணல. போன வாரம் கம்ப்ளைண்ட் வந்தப்பத்தான் புரிஞ்சுது."

"காலைலேந்து நான் இங்க உக்காந்திருக்கேன். நீங்க எதுத்தாப்புல உக்காந்திருந்தேள்."

"என் சர்டிபிகேட் எல்லாம் அவர் பீரோல இருக்கு, மரகதம். சேர்றப்ப வாங்கி வச்சுண்டா. பத்தாங்கிளாஸ்லேந்து டிகிரி வரைக்கும். அது இல்லாம நான் எந்த ஊருக்குப் போய் வேலை கேப்பேன்? கதவு இவாளுக்கு இன்னிக்குத்தான் பூட்டியிருக்கு. எனக்கு மூணு வருஷமாப் பூட்டியிருக்கு."

ஆண்டிச்சாமிக்கு அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. பூட்டின அறையில் இருக்கிறவன் எல்லாம் நல்லவன் இல்லை என்பது ஏட்டுக்குத் தெரியாததா. ஆனால் ஒரு கணக்கு இடித்தது. பாஸ்வேர்டு சக்ரபாணியுடையது. பூத் சீட்டு சக்ரபாணியுடையது. இன்ஸ்பெக்டர் வந்தால் பொன்னுராஜ் இவனைக் கைகாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருவனை ஜீப்பில் ஏற்றுவார்கள், அவ்வளவுதான்.

வெளியே ஜீப் நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

ஆண்டிச்சாமி சீட்டை எடுத்த பக்கத்திலேயே வைத்து, புத்தகத்தை மூடி, சக்ரபாணியின் மடியில் வைத்தார்.

"உம்ம சீட்டு. நான் எடுத்துக் காட்டினா நீரு குத்தவாளி. நீரா எடுத்துக் கொடுத்தா சாட்சி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். யோசிச்சுக்கிடும்."

"ஏட்டையா, அவன் கிழிச்சுப் போட்டா?" என்று ஐயாதுரை காதோடு கேட்டார்.

"வாய மூடுலே."

பூட்டு திறந்தது. வெளிக்காற்று உள்ளே வந்தது. இன்ஸ்பெக்டர் சமுத்திரம், பின்னால் பொன்னுராஜ், அவருக்குப் பின்னால் ஒரு பெண் போலீஸ். சமுத்திரம், ஆண்டிச்சாமியிடம் வேலை கற்றுக்கொண்டவர் இல்லை. ஆனால் ஆளைத் தெரியும். தலையை லேசாக அசைத்தார்.

"எந்திரிம்மா, போலாம்" என்றார் மரகதவல்லியிடம்.

அவள் நகரவில்லை. பிரிண்டர் காகிதத்தை நீட்டினாள். "மூணு ஆஸ்பத்திரிக்கு உடனே போன் பண்ணணும் சார். சிவப்பு நூல் மூட்டையப் பிரிக்க வேண்டாம்னு சொல்லணும். அப்புறம் என்ன எங்க வேணா கூட்டிண்டு போங்கோ."

சமுத்திரம் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பொன்னுராஜ் எட்டிப் பார்த்தார். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது தெரிந்தது. ஆனால் வாய் இறங்கவில்லை.

"பதிவை மாத்தினது யாருன்னு இப்பத் தெரியுதா, சார்? பாஸ்வேர்டு இவனுதுதான்" என்று சக்ரபாணியைக் காட்டினார். "எனக்கு இந்தப் பெட்டியில ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் சக்ரபாணி புத்தகத்தைத் திறந்தார். சீட்டை எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் வைத்தார். "நான் போன்ல சொன்னேன் சார். இவர் இங்க உக்காந்து அடிச்சார். பழைய மிஷினுக்கு லைசென்ஸ் இல்லாதத மறைக்கத்தான். என் சர்டிபிகேட் எல்லாம் இவர் பீரோல பூட்டிக் கிடக்கு."

"பொய்" என்றார் பொன்னுராஜ். "இவன் சொன்னதத்தான் எழுத்து விடாம அடிச்சேன். மிஷின் எழுத்த மட்டும் எடுத்தாப் போதும்னான். வேற ஏதாவது ஆகும்னு ஒரு வார்த்தை சொன்னானா?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கேட்டது.

"பெட்டிய ஆன் பண்ணக்கூடத் தெரியாத மனுஷனுக்குக் கை என்னா வேகம்" என்றார் ஐயாதுரை.

சமுத்திரம் சிரிக்கவில்லை. பெண் போலீஸைப் பார்த்து, நீங்கள் ஜீப்பில் இருங்கள் என்று கை காட்டினார். பிறகு பொன்னுராஜின் தோளில் கை வைத்தார். "வாங்க சார். ஸ்டேஷன்ல உக்காந்து பேசலாம். அதுக்கு முன்னால, டெலிபோன் பூட்டுச் சாவி, லைசென்ஸ் பேப்பர், பீரோ சாவி மூணையும் கொடுங்க." சக்ரபாணியிடம் திரும்பி, "நீரும் சாயங்காலம் வந்து எழுதிக் கொடுக்கணும்" என்றார்.

டெலிபோன் பூட்டு திறந்த மறு நிமிஷம் மரகதவல்லி டயலைச் சுற்ற ஆரம்பித்தாள். முதல் ஆஸ்பத்திரியில் மூட்டை இன்னும் அலமாரியில் இருந்தது. இரண்டாவதிலும் பிரிக்கவில்லை. மூன்றாவதில் எடுத்து அறுவை அறை வாசல்வரை கொண்டுபோயிருந்தார்கள். "கீழ வைக்கச் சொல்லுங்கோ" என்றாள் மூன்று தடவை. வைத்துவிட்டோம் என்று கேட்ட பிறகுதான் போனை வைத்தாள். அதன்பிறகுதான் அழுதாள்.

கரண்ட் வந்தது. ஏ.ஸி. முனகியது. சக்ரபாணி அரை மணி நேரம் எதையோ தட்டிவிட்டு, வாசலுக்குப் போன ஆண்டிச்சாமியை ஓடிவந்து கூப்பிட்டார்.

"ஏட்டையா, செத்த வந்து பாருங்கோ. பழையபடி மிஷின் எழுத்த அடையாளத்துல சேர்த்துட்டேன். புரோகிராம்ல கைய வைக்கல. ஜன்னல் சரியாயிடுத்து."

ஆண்டிச்சாமி திரும்ப வந்து திரையைப் பார்த்தார். இரண்டு வரி. ஒன்று பாஸ், ஒன்று தள்ளுபடி. வேறு வேறு நேரம். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. நேற்றும் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்திருக்கும்.

"இனிமே தப்பே வராது" என்றார் சக்ரபாணி.

"ஜன்னலைச் சரி பண்ணினது யாரு?"

"நான்தான்."

"கெடுத்தது?"

சக்ரபாணி கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

கண்ணாடிக்கு வெளியே மரகதவல்லி, எங்கேயோ தேடிப் பிடித்த ஒரு சாக்பீஸோடு ஹாலில் நடந்துகொண்டிருந்தாள். தள்ளுபடி மூட்டை ஒவ்வொன்றிலும் தலையளவு பெருக்கல் குறி விழுந்தது. நாலு வெள்ளை நூல் மூட்டையை மட்டும் தொடவில்லை.

"அது எனக்குப் புரியுது" என்று ஆண்டிச்சாமி அவளைக் காட்டினார். "இது புரியல." திரையைக் காட்டினார்.

"உள்ள எல்லாம் சரியா இருக்கு, ஏட்டையா. நம்புங்கோ."

"அந்த ஜன்னலுக்குப் பின்னால எம்புட்டு இருக்குன்னு உமக்கு மட்டுந்தானேய்யா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கேட்டைத் தாண்டும்போது ஐயாதுரை, "ஒரு தடவ நம்பித்தான் பாருமே, ஏட்டையா. சரியாத்தான் பண்ணியிருப்பாரு" என்றார்.

ஆண்டிச்சாமி நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்துகொண்டிருந்தது. முன்னால் பலகையில் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனாலும் ஏறுவதற்கு முன்னால் டிரைவர் பக்கம் போய், "ஸ்ரீவில்லிபுத்தூர்தானே போவுது?" என்று வாய்விட்டுக் கேட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் படியில் கால் வைத்தார்.